புகையைப் பார்க்கிறார்கள், பிறேக்கை யார் பார்ப்பது?

ஆசிரியர் அவர்களுக்கு,

யாழ்ப்பாணத்தில் மோட்டார் சைக்கிள் விபத்துச் செய்தி இல்லாமல் ஒரு கிழமை கழிவது அரிதாகிவிட்டது. உங்கள் பத்திரிகையிலும் மற்றப் பத்திரிகைகளிலும் அந்தச் செய்திகள் ஏறத்தாழ ஒரே மாதிரித்தான் வருகின்றன. வேகக் கட்டுப்பாட்டை இழந்த மோட்டார் சைக்கிள் மதிலுடன் மோதியது, மின்கம்பத்துடன் மோதியது, வீதியில் படுத்திருந்த மாட்டுடன் மோதியது. ஓட்டியவரின் வயது இருக்கும், ஊர் இருக்கும், எந்த வைத்தியசாலையில் சேர்த்தார்கள் என்பது இருக்கும். அந்த மோட்டார் சைக்கிளின் பின் ரயர் எப்படி இருந்தது, முன் பிறேக் பிடித்ததா என்று ஒரு வரி வந்து நான் வாசித்ததில்லை. வேகமும் ஒரு காரணம் என்பதை நான் மறுக்கவில்லை. பையன்கள் ஓடுகிற ஓட்டத்தை நானும் கடை வாசலிலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். ஆனால் கடைக்குள்ளே மேசைக்கு இந்தப் பக்கத்தில் இருந்து நான் பார்ப்பது வேறு. அதைத்தான் எழுதுகிறேன்.

யாழ் நகரில் மோட்டார் சைக்கிள் உதிரிப்பாகக் கடை வைத்திருக்கிறேன். அப்பா தொடங்கிய கடை. அவருக்குப் பிறகு நான் நடத்துகிறேன். "கடையில் ஆண்கள் யாரும் இல்லையா அக்கா?" என்று கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் கொண்டுவந்த பிறேக் சூவை, அதாவது சில்லுக்குள் உராய்ந்து அதை நிறுத்துகிற பாகத்தை, வாங்கிப் பார்த்து, இது எந்த மோட்டார் சைக்கிள், முன்னுக்கா பின்னுக்கா என்று சொன்னதும் அந்தக் கேள்வி போய்விடும்.

எங்கள் வியாபாரத்தில் பழைய சாமானைக் கொண்டுவந்து காட்டித்தான் புதியதை வாங்குவார்கள். பத்திரிகைத் தாளில் சுற்றிக் கொண்டுவருவார்கள், பெரும்பாலும் உங்கள் பத்திரிகையில்தான். தாளை விரித்தால் அந்த மோட்டார் சைக்கிளின் கதை முழுவதும் அதற்குள் இருக்கும். உராயும் பகுதி முழுவதும் தேய்ந்து, அடியிலிருந்த அலுமினியம் பளபளக்கிற பிறேக் சூ. அந்த அலுமினியம் சில்லின் உட்புறத்தை எவ்வளவு அராவியிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. பற்கள் சத்தகத்து நுனி போல் ஒரு பக்கம் வளைந்துபோன பின் ஸ்புறொக்கற், அதாவது செயின் ஓடுகிற பற்சக்கரம். உள்ளே நூலிழை தெரிகிற ரயர். இவற்றைக் கொண்டுவருகிறவர் எங்கிருந்து வந்தீர்கள் என்று கேட்டால் சாவகச்சேரி என்பார், அச்சுவேலி என்பார். அங்கிருந்து இதே பிறேக்கில்தான் யாழ்ப்பாணம் வரை வந்திருக்கிறார்.

மோட்டார் சைக்கிளின் ஆண்டு வருமான அனுமதிப்பத்திரம் புதுப்பிக்கிற நேரத்தில் எங்கள் கடையில் ஒரு தனி வியாபாரம் நடக்கும். பிளக் வாங்குவார்கள், காற்று வடிகட்டி வாங்குவார்கள், காபரேற்றரைக் கழுவுவதற்கு மருந்து வாங்குவார்கள். எல்லாம் புகைப் பரிசோதனைக்காக. காப்புறுதியும் புகைப் பரிசோதனைச் சான்றிதழும் கையில் இருந்தால் பிரதேச செயலகத்தில் பத்திரம் கிடைத்துவிடும். இப்போது இணையவழியிலும் எடுக்கலாம். அந்தப் பரிசோதனையில் என்ன செய்கிறார்கள்? இயந்திரத்தை ஓடவிட்டு, சைலென்சருக்குள் ஒரு குழாயை நுழைத்து, வெளிவருகிற காற்றில் காபன் மொனொக்சைட்டும் எரியாத ஐதரோகாபனும் எவ்வளவு என்று அளக்கிறார்கள். நல்ல வேலைதான். நான் குறை சொல்லவில்லை. ஆனால் பிறேக்கை அமத்திப் பார்ப்பதும் ரயரைத் தடவிப் பார்ப்பதும் அந்தப் பரிசோதனையின் வேலை அல்ல. லொறிக்கும் பஸ்ஸுக்கும் தகுதிச் சான்றிதழ் வேண்டும் என்று சட்டம் கேட்கிறது. மோட்டார் சைக்கிளிடம் கேட்பதில்லை. ஆக, ஒரு மோட்டார் சைக்கிள் பதிவு செய்யப்பட்ட நாளிலிருந்து பழைய இரும்புக்குப் போகிற நாள்வரை, அது நிற்கக்கூடியதா என்று அதிகாரபூர்வமாக ஒருவரும் பார்க்காமலே ஓடித் திரியலாம். பாரிய விபத்து நடந்தால் மட்டும் மோட்டார் வாகனப் பரிசோதகர் வந்து பிறேக்கைப் பார்த்து நீதிமன்றத்துக்கு அறிக்கை கொடுப்பார். அப்போது பார்த்து யாருக்கு என்ன பயன்?

என் தம்பி லண்டனில் மோட்டார் சைக்கிளில்தான் வேலைக்குப் போகிறான். அங்கே எம்.ஓ.ரி. என்று ஒரு பரிசோதனை 1960 முதல் இருக்கிறது. மோட்டார் சைக்கிள் வாங்கி மூன்று ஆண்டு கழிந்தால் அதன்பின் ஒவ்வோர் ஆண்டும் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். உச்சக் கட்டணம் 29 பவுண் 65 பென்ஸ். விளக்குகள், ஹோர்ன், ஹான்டில், ஷொக், சில்லு, ரயர், பிறேக் என்று ஒவ்வொன்றாகப் பார்க்கிறார்கள். ரயரின் பூ, அதாவது மேலுள்ள வெட்டு, அகலத்தின் முக்கால் பங்குக்கு ஒரு மில்லிமீற்றர் ஆழமாவது இருக்க வேண்டும். இயந்திரம் நன்றாக ஓடுகிறதா, கியர் ஒழுங்காக விழுகிறதா என்பது அவர்களுக்குத் தேவையில்லை. அது சொந்தக்காரரின் கவலை. மோட்டார் சைக்கிளின் புகையையும் அந்தப் பரிசோதனையில் அளப்பதில்லையாம். இங்கே புகையை மட்டும் பார்க்கிறோம், அங்கே புகையை விட்டுவிட்டுப் பிறேக்கையும் ரயரையும் பார்க்கிறார்கள். தம்பி சொன்னபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, வயிற்றெரிச்சலும் வந்தது. பரிசோதனையில் தவறுகிற மோட்டார் சைக்கிள்களில் அடிக்கடி எழுதப்படுகிற பழுது விளக்குகளாம். பிறகு பிறேக், ரயர், ஹான்டிலும் ஷொக்கும். வாகன இலக்கத்தைக் கொடுத்தால் எந்த மோட்டார் சைக்கிள் எந்த ஆண்டில் எதற்காகத் தவறியது என்பதை யாரும் இணையத்தில் பார்த்துக்கொள்ளலாம். பழைய மோட்டார் சைக்கிள் வாங்குகிறவருக்கு இதைவிட என்ன வேண்டும்?

இங்கே பழைய மோட்டார் சைக்கிள் வாங்க வருகிறவர் என்ன பார்க்கிறார்? ஒரு உதையில் இயங்குகிறதா என்று பார்க்கிறார். காதைக் கொடுத்து இயந்திரச் சத்தத்தைக் கேட்கிறார். சைலென்சர் வாயில் விரலை விட்டுக் கரியைப் பார்க்கிறார். ராங்கியின் பெயின்றைப் பார்க்கிறார். முன் பிறேக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு முன்னும் பின்னும் ஆட்டிப் பார்க்கிறவரையோ, பின் சில்லைப் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்துப் பார்க்கிறவரையோ காண்பது அரிது.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். 1990களில் பொருளாதாரத் தடை இருந்தபோது பெற்றோல் இல்லை, பற்றரி இல்லை, உதிரிப்பாகம் இல்லை. சிறிய போத்தலில் வைத்திருக்கிற பெற்றோலில் சில துளிகளைக் காபரேற்றருக்குள் விட்டு இயக்கி, சூடு ஏறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓடிய காலம் அது. பிளக் நாளுக்கு ஒருமுறை கரி பிடிக்கும். கார்ப் பிறேக் லைனிங்கை வாளால் அறுத்து, அராவி, மோட்டார் சைக்கிள் சூவில் ஒட்டிக் கொடுத்துத்தான் அப்பா எங்களைப் படிப்பித்தார். மண்ணெண்ணெயில் ஓடினால் அது நல்ல மோட்டார் சைக்கிள், அவ்வளவுதான் அளவுகோல். அந்தச் சோதனையில் தேறியவை பழைய ஹொண்டாக்கள்தான். சி 50, சி 90, எம்.டி. 90 என்று அப்போது ஓடியவற்றில் சில இன்றும் ஓடுகின்றன. இன்றும் அவற்றுக்குச் சாமான் கேட்டு ஆட்கள் வருகிறார்கள். இவை சேர்ந்த, 1958இல் ஹொண்டா தொடங்கிய சுப்பர் கப் வரிசையின் மொத்த உற்பத்தி 2017இல் பத்துக் கோடியைத் தாண்டியது என்றால் அதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. ஒயிலைக் காலத்துக்கு மாற்றினால் அந்த இயந்திரம் எதையும் பொறுத்துக்கொள்ளும்.

பொறுத்துக்கொள்கிற இயந்திரம்தான் எங்களைக் கெடுத்தது என்பது என் எண்ணம். அப்போது குண்டும் குழியுமான வீதியில் யாரும் முப்பது கிலோமீற்றருக்கு மேல் போக முடியாது. பிறேக் பிடிக்காவிட்டால் காலை ஊன்றி நிறுத்திவிடலாம். இன்று ஏ9 வீதியும் காங்கேசன்துறை வீதியும் பருத்தித்துறை வீதியும் காப்பெற் வீதிகள். வேகம் இரட்டிப்பாகிவிட்டது. பிறேக்கைப் பற்றிய நினைப்பு மட்டும் மண்ணெண்ணெய்க் காலத்திலேயே நின்றுவிட்டது.

2020இல் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். 2022இல் மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு நான்கு லீற்றர் என்று கியூ.ஆர். அட்டையில் பெற்றோல் வாங்கினோம். அந்த ஆண்டில் உதிரிப்பாக விலை ஏறிய ஏற்றத்தில், சோடியாக வருகிற பிறேக் சூவில் "ஒன்றை மட்டும் தர முடியுமா" என்று கேட்டவர்கள் இருக்கிறார்கள். பகிடிக்குச் சொல்லவில்லை. 2025இல் இறக்குமதி மீண்டும் தொடங்கினாலும், புதிய மோட்டார் சைக்கிளின் விலை சாதாரண குடும்பத்துக்கு எட்டுவதாக இல்லை. எனவே பழையவைதான் இன்னும் பல ஆண்டுகள் ஓடப்போகின்றன. அதனால்தான் இந்தக் கடிதத்தை இப்போது எழுத வேண்டியிருக்கிறது.

என் மேசைக்கு வருகிற பழுதுகளில் ஆட்கள் மிகக் குறைவாகக் கவலைப்படுவது பிறேக் விளக்கைப் பற்றித்தான். பல மோட்டார் சைக்கிள்களில் பின்னால் இருப்பது ஒரே பல்ப். அதற்குள் இரண்டு இழைகள். ஐந்து வாற் இழை இரவு முழுவதும் எரிகிற பின்விளக்கு. இருபத்தொரு வாற் இழை பிறேக் பிடிக்கும்போது மட்டும் எரிவது. பெரிய இழை அறுந்துபோனாலும் சின்ன இழை எரிந்துகொண்டே இருப்பதால், விளக்கு நன்றாக இருக்கிறது என்றே சொந்தக்காரர் நினைப்பார். பல்ப் நன்றாக இருந்தாலும், பின் பிறேக் மிதியிலிருந்து ஆளிக்குப் போகிற சிறிய சுருள்கம்பி எங்கள் உப்புக்காற்றில் துருப்பிடித்து அறுந்துவிடும். பின்னால் வருகிறவருக்கு முன்னால் போகிறவர் நிற்கப் போகிறார் என்பதே தெரியாது. இரவில் வீதி நடுவே மாடு படுத்திருக்கிற ஊரில் முன்னால் போகிறவர் திடீரென்று நிற்பது நாளாந்தம் நடப்பது. ஒரு பல்பின் விலை ஒரு கொத்துறொட்டியின் விலைகூட இல்லை. இதை வாங்க மனம் வராத அதே பையன், எதிரே வருகிறவரின் கண்ணைப் பறிக்கிற வெள்ளை எல்.ஈ.டி. விளக்குக்குப் பல ஆயிரம் கொடுக்கிறான்.

ரயரைப் பற்றியும் சொல்ல வேண்டும். பூ தேய்ந்த ரயரை எல்லாரும் கண்டுபிடிப்பார்கள். பூ தேயாத பழைய ரயர்தான் ஆபத்து. பாடசாலைக்குப் பிள்ளையை ஏற்றி இறக்க மட்டும் ஓடுகிற ஸ்கூட்டரில் ரயர் பார்வைக்குப் புதிதாக இருக்கும். வெயிலில் நின்று நின்று இறுகிக் கட்டையாகியிருக்கும். ரயரின் பக்கத்தில் நான்கு இலக்கம் இருக்கிறது. 3517 என்றால் 2017ஆம் ஆண்டின் 35ஆம் கிழமையில் செய்தது. அதைப் பார்த்துவிட்டு, பெருவிரல் நகத்தால் அழுத்திப் பாருங்கள், நகம் பதிகிறதா என்று. ஐப்பசியில் முதல் மழை பெய்து, வீதியில் கோடை முழுவதும் படிந்த செம்மண்ணும் ஒயிலும் குழம்பாகிற அன்று, கட்டையாகிப்போன ரயர் எதையும் பற்றிப் பிடிக்காது. அந்த நாட்களில் எங்கள் கடையில் பக்கக் கண்ணாடியும் கிளச் லீவரும் கால் மிதியும் அதிகமாக விலைப்படும். எல்லாம் விழுந்தால் உடைகிற சாமான்கள்.

குருநகர், நாவாந்துறைப் பக்கத்து மீன் வியாபாரிகளின் மோட்டார் சைக்கிள்களைத் தனியாகச் சொல்ல வேண்டும். பின்னால் மீன் பெட்டி. ஐஸ் உருகி உப்புத் தண்ணீர் நாள் முழுவதும் சொட்டுச் சொட்டாகப் பின் சில்லில் விழும். செயின் சிவக்கும், சைலென்சரில் ஓட்டை விழும். அவற்றைக் கண்ணால் காணலாம். காணாதது பின் பிறேக்கின் உள்ளே நடக்கிறது. சூவை விரிக்கிற சிறிய தண்டு, தான் சுழலுகிற துளையிலேயே துருப்பிடித்து இறுகிவிடும். மிதித்தால் மிதி கீழே போகும், திரும்பி வராது. அல்லது மிதிக்கவே முடியாமல் கல்லாக நிற்கும். வியாபாரி என்ன செய்வார்? பிறேக் கம்பியின் நுனியிலுள்ள நட்டை இன்னும் இரண்டு சுற்று முறுக்குவார். அடுத்த மாதம் இன்னும் இரண்டு. கடைசியில் கம்பியில் புரியே மிச்சம் இருக்காது. பிறேக் தட்டில் ஒரு சிறிய அம்புக்குறியும் கோடும் பல மோட்டார் சைக்கிள்களில் இருக்கின்றன. மிதிக்கும்போது அம்பு கோட்டைத் தாண்டினால் சூ முடிந்துவிட்டது என்று பொருள். அந்த அம்பு மீன் செதிலுக்கும் சேற்றுக்கும் அடியில் எங்கோ கிடக்கும். சில்லைக் கழற்றி, அந்தத் தண்டைத் துடைத்து, ஒரு விரல்நுனி கிறீஸ் பூசினால் போதும். கராஜில் அரைமணி நேர வேலை.

ஹான்டில் திரும்புகிற இடத்தில் இரும்புக் குண்டுகள் ஓடுகிற வளையமான போல் றேஸும் அப்படித்தான். முன்னால் ஒரு பிள்ளை, பின்னால் மனைவியும் இன்னொரு பிள்ளையும், சில நேரம் காஸ் சிலிண்டரும் என்று ஓடுகிற மோட்டார் சைக்கிளில், நேராகப் போகும்போது குண்டுகள் இருக்கிற இடம் பதிந்துவிடும். முன் சில்லைத் தூக்கி நிறுத்தி ஹான்டிலை மெதுவாகத் திருப்பினால் நடுவில் ஓரிடத்தில் பிடித்து நிற்கும். செயினைப் பற்றி ஒன்று மட்டும் சொல்கிறேன். முழு உறை போட்ட மோட்டார் சைக்கிளில் செயின் காய்ந்து கிடப்பது வெளியே தெரியாது, சத்தம் வரும்வரை யாரும் திறப்பதில்லை. செயினின் இரு முனைகளையும் சேர்க்கிற இணைப்புக் கிளிப்பின் மூடிய முனை செயின் ஓடுகிற திசையைப் பார்த்திருக்க வேண்டும். மாறிப் பூட்டியிருந்தால் கழன்றுவிடும். கழன்ற செயின் பின் சில்லைச் சிறைப்பிடித்தால் அதற்குப் பிறகு ஓட்டுகிறவரின் கெட்டித்தனத்தால் எதுவும் நடக்காது.

நான் கேட்பது பெரிய காரியம் அல்ல. புகைப் பரிசோதனைக்கு எல்லாரும் ஆண்டுதோறும் போகத்தான் வேண்டியிருக்கிறது. அங்கே வரிசையில் நிற்கிற நேரத்திலேயே பயிற்சி பெற்ற ஒருவர் பிறேக் விளக்கு, இரு பிறேக்குகள், ரயர், ஹான்டில் ஆட்டம், செயின் ஆகியவற்றைப் பார்த்து, பழுதைத் தாளில் எழுதிக் கையில் கொடுக்கட்டும். முதல் ஆண்டில் யாரையும் திருப்பி அனுப்ப வேண்டாம். இரண்டாம் ஆண்டிலிருந்து பிறேக்கும் ரயரும் மட்டும் கட்டாயமாகட்டும். மாகாண மோட்டார் போக்குவரத்துத் திணைக்களமும் பொலிஸாரும் இதைப் பற்றி இருந்து பேச வேண்டும். இன்னொரு வரிசை, இன்னொரு கட்டணம், கை நனைக்க இன்னோர் இடம் என்று மக்கள் அஞ்சுவார்கள் என்பது எனக்குத் தெரியும். அந்த அச்சம் வீணானதும் அல்ல. அதனால்தான் புதிதாக ஓர் அலுவலகம் திறக்கச் சொல்லவில்லை, இருக்கிற இடத்திலேயே பார்க்கச் சொல்கிறேன்.

உதிரிப்பாகக் கடைக்காரி தன் வியாபாரத்துக்காக எழுதுகிறாள் என்று சிலர் சொல்வார்கள். சொல்லட்டும். எனக்கு அதிக இலாபம் தருவது பிறேக் சூ அல்ல, அலங்காரச் சாமான்கள்தான்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். விபத்துச் செய்தியை எழுதுகிற நிருபர், பொலிஸாரிடம் வேகத்தைக் கேட்கும்போது ரயரையும் பிறேக்கையும் பற்றி ஒரு கேள்வி கேட்கட்டும். வழக்கு நீதிமன்றத்துக்கு வரும்போது பரிசோதகரின் அறிக்கையில் என்ன இருந்தது என்பதையும், பெயர் குறிப்பிடாமல் என்றாலும், வெளியிடலாம். மீன் வியாபாரிக்கும் மரக்கறி கட்டிக்கொண்டு சுன்னாகம் சந்தைக்குப் போகிற விவசாயிக்கும் மோட்டார் சைக்கிள் ஒரு நாள் கராஜில் நின்றால் அன்றைய உழைப்புப் போய்விடும். ஒரு சோடி பிறேக் சூவுக்காக அவர்கள் மடியிலிருந்து எண்ணி எடுக்கிற காசை நான் நாளும் பார்க்கிறேன். முதல் ஆண்டில் யாரையும் திருப்பி அனுப்ப வேண்டாம் என்று நான் எழுதியது அவர்களுக்காகத்தான்.

இப்படிக்கு,
உதிரிப்பாகக் கடைக்காரி,
யாழ்ப்பாணம்.